கூழை முகர்ந்துவிட்டுத் திரும்பும் நாய்

திருச்சுழிப் பக்கம் ஆட்டுக்கிடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கிடைக்குக் காவல் கிடக்கும் நாய் நான்கு நாளாகக் கம்மங்கூழை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறதாம். கருவாடு போட்டுப் பார்த்தார், கறிக்குழம்பு ஊற்றிப் பார்த்தார், கடைசியில் வாயைப் பிளந்து ஊட்டியும் பார்த்தார். பசி எடுக்க என்ன டானிக் கொடுக்கலாம் என்று கேட்கிறார். அருப்புக்கோட்டை நகரத்துக்குள் வீட்டில் நாய் வளர்க்கும் வாசகி ஒருவரும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார். அவர் நாய் பிஸ்கட்டைத் தவிர எதையும் தொடுவதில்லை. சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

கேள்வி ஒன்று போலத் தெரிந்தாலும் பதில் ஒன்றல்ல. முதல் நாய்க்கு உயிர் ஆபத்து இருக்கலாம். இரண்டாவது நாய்க்கு, கடிதத்தில் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வீட்டுக்காரரை அது நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த நாய் எந்த வகை என்று தெரியாமல் டானிக் பாட்டிலைத் தேடுவது வீண். ஆடு இரை எடுக்காவிட்டால் ஒரே நாளில் டாக்டரைத் தேடி ஓடுகிறோம். நாய் நான்கு நாள் பட்டினி கிடந்தால் 'வீம்பு பிடிக்கிறது' என்கிறோம். இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வேண்டாம் என்கிறதா, முடியவில்லை என்கிறதா?

தட்டை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். கூப்பிட வேண்டாம், தடவிக் கொடுக்கவும் வேண்டாம்.

தட்டுச் சத்தம் கேட்டும் தலையைத் தூக்காமல் படுத்தே கிடந்தால் பெரும்பாலும் காய்ச்சலோ, உடம்பில் எங்காவது வலியோ இருக்கும். எழுந்து வந்து, முகர்ந்து, நாக்கால் உதட்டைத் துழாவி, எச்சில் ஊறி, பிறகு திரும்பிப் போனால் அதற்குக் குமட்டுகிறது என்று பொருள். வயிறு, ஈரல், சிறுநீரகம் இவற்றில் ஏதோ ஒன்றில் கோளாறு. இப்படிப்பட்ட நாய்க்கு வாசனை கூடக்கூட வெறுப்பும் கூடும். கறிக்குழம்பு ஊற்றியும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

மூன்றாவது வகை ஆவலோடு ஓடிவரும். வாயில் கவ்வும், ஒரு பக்கமாகக் கடிக்கும், உடனே கீழே போட்டுவிடும். சில நேரம் முனகும், முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கும். இந்த நாய்க்குப் பசி இருக்கிறது, தின்னத்தான் முடியவில்லை. கடைவாய்ப் பல் உடைந்திருக்கலாம், ஈறு சீழ் பிடித்திருக்கலாம், மேல்வாயில் இரண்டு பக்கப் பற்களுக்கும் குறுக்கே எலும்புத் துண்டு சிக்கியிருக்கலாம். நம் பக்கத்தில் சீமைக்கருவேல முள்ளையும் மறந்துவிடக் கூடாது. முயலை விரட்டிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் பாய்ந்து வரும் நாய்க்கு நாக்கிலும் உதட்டிலும் முள் ஏறுவது அதிசயமில்லை. பாதத்தில் ஒடிந்து தங்கிய முள் சீழ் வைத்தாலும் காய்ச்சல் வந்து தீனி குறையும்.

நான்காவது வகையை நோய் என்று சொல்ல முடியாது. கிடையில் இரண்டு மூன்று நாய்களுக்கு ஒரே கல்தொட்டியில் கூழ் ஊற்றுகிறோம். பெரியது உறுமினால் சின்னது ஒதுங்கிவிடும். நாம் பார்க்கும்போது அது தொட்டிப் பக்கம் வருவதே இல்லை. தொட்டி காலியாவதால் மூன்றும் தின்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். மெலிந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. தனித்தனித் தட்டில், பார்வை படாத தூரத்தில் வைத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

வாய்க்குள் கைவிடும் முன்

மேலே சொன்ன மூன்றாவது வகையைப் படித்ததும், எலும்பு சிக்கியிருக்கிறதா என்று வாயைத் திறந்து பார்க்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பவர் இதைப் படித்தால் போதும்.

வெறிநோய் என்றால் நாய் கண்டவரையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் என்றே பலரும் நினைக்கிறோம். அது ஒரு வகை. இன்னொரு வகை ஊமை வெறி. அந்த நாய் யாரையும் விரட்டாது. மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரல் மாறியிருக்கும், சோற்றையும் தண்ணீரையும் விழுங்க முடியாமல் தவிக்கும். பார்ப்பவர்களுக்குத் தொண்டையில் எலும்பு மாட்டியது போலவே இருக்கும். பாசத்தோடு வளர்த்தவர் கையை உள்ளே விட்டுத் துழாவுவார். நாய் கடிக்காமலே போகலாம். ஆனால் விரலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக எச்சிலில் உள்ள கிருமி உள்ளே போய்விடும். மனிதருக்கு நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அதன்பிறகு காப்பாற்ற வழியில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே தாடை தொங்கி எச்சில் ஒழுக்கும் நாய், விழுங்க முடியாத நாய், நடை தள்ளாடும் நாய், திடீரென்று குணம் மாறிய நாய் எதுவானாலும் கை வைக்காதீர்கள். தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். ஓர் அறையில் அடைத்துவையுங்கள் அல்லது சங்கிலியில் தனியாகக் கட்டுங்கள். பிள்ளைகளையும் ஆடுகளையும் அந்தப் பக்கம் விடாமல், கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். ராத்திரிக் கிடையில் நரியோடு மல்லுக்கட்டும் நாய்களுக்கு இந்த ஆபத்து வீட்டு நாயைவிட அதிகம்.

ஏற்கெனவே கைவிட்டுப் பார்த்துவிட்டவர்கள், எச்சில் பட்டவர்கள், கீறல் பட்டவர்கள் யாராக இருந்தாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், நடந்ததைச் சொல்லி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசிக்குக் காசு கிடையாது. டாக்டர் சொல்லும் நாட்களில் ஒன்றையும் தவறவிடாமல் எல்லாத் தவணையையும் முடிக்க வேண்டும். பிரான்சில் லூயி பாஸ்டர் 1885-ல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். நம் குன்னூரில் அவர் பெயரில் பாஸ்டர் நிலையம் 1907-லேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் இன்னும் கிராமங்களில் மந்திரிப்பதையும் கயிறு கட்டுவதையும் நம்பி நாளைக் கடத்துகிறோம்.

கடிதம் எழுதிய திருச்சுழி வாசகருக்கு: நீங்கள் வாயைப் பிளந்து ஊட்டியதாகச் சொல்கிறீர்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட விவரத்தை நீங்கள் எழுதவில்லை. டானிக் இருக்கட்டும். முதலில் கையைக் காட்டிவிட்டு வாருங்கள்.

ஈறைப் பார், தண்ணீரைப் பார்

நாய் தெளிவாக இருக்கிறது, வழக்கம்போல் வாலை ஆட்டுகிறது, தடுப்பூசியும் சரியாகப் போட்டிருக்கிறது என்றால் வீட்டிலேயே சிலவற்றைப் பார்க்கலாம்.

மேலுதட்டை லேசாகத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். (சில நாய்களுக்கு ஈறே கறுப்பு, அதற்குக் கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்க்கலாம்.) வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. மஞ்சளாக இருந்தால் காமாலை. செங்கல் போலச் சிவந்து, மூச்சிரைப்பும் இருந்தால் வெயில் தாக்கியிருக்கிறது. தோள்பட்டைத் தோலைப் பிடித்துத் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். மெதுவாக இறங்கினால் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது.

மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல், ஈரமாக இருந்தால் சுகம் என்று சொல்வார்கள். அதை நம்ப முடியாது. மருந்துக்கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் மெதுவாகச் செருகிப் பார்ப்பதுதான் சரியான வழி. நாயின் இயல்பான வெப்பம் நம்மைவிட அதிகம்: 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. நமக்குக் காய்ச்சலாகத் தோன்றும் 101 அதற்குச் சாதாரணம். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல்.

சோற்றைவிடத் தண்ணீர்தான் முக்கியம். வளர்ந்த, திடமான நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் பெரிய கெடுதல் இல்லை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காவிட்டால், அதுவும் நம் கரிசல்காட்டு வெயிலில், ஆபத்து. 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் தண்ணீர் வேண்டும். கோடையில் இன்னும் கூடும். இதற்கு நேர்மாறாக, சோறு தின்னாமல் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தாலும் கவனிக்க வேண்டும். வயதான நாய் என்றால் சிறுநீரகம் கெட்டிருக்கலாம். பெட்டை நாய், பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் இப்படிச் செய்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அதற்கு உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படலாம். நாள் பார்க்கக் கூடாது.

எத்தனை நாள் பொறுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வளர்ந்த நாய் வேறு எந்தக் குறையும் இல்லாமல் தீனியை மட்டும் விட்டால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். வாந்தி, பேதி, காய்ச்சல், வெளுத்த ஈறு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால் அரை நாள் போதும். குட்டி தீனியை விட்டு, வாந்தி எடுத்து, நாற்றமடிக்கும் ரத்தப்பேதியும் போனால் அது பார்வோ வைரஸாக இருக்கலாம். அரிசிக்கஞ்சி காய்ச்சி நேரத்தைக் கழிக்காதீர்கள். அதற்கு வேண்டியது நரம்பு வழியாகக் குளுக்கோஸ்.

உண்ணி செய்யும் வேலை

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டாரத்தில் கிடை நாய் தீனி எடுக்கவில்லை என்றால் முதலில் உண்ணியைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கருத்து. வறண்ட, சூடான ஊரில் நாய் உண்ணி வருடம் முழுவதும் பெருகும். காதுமடல் உள்ளே, கழுத்துப்பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கில் தடவிப் பாருங்கள். ஆமணக்கு விதை போல ஊதிக் கிடக்கும்.

உண்ணி ரத்தத்தைக் குடிப்பதோடு நிற்பதில்லை. ரத்தத்துக்குள் கிருமியையும் விடுகிறது. எர்லிக்கியா, பபேசியா என்ற இரண்டும் இப்படி வருபவை. தொடக்கத்தில் பெரிய அடையாளம் எதுவும் தெரியாது. தீனி குறையும், சோர்வு இருக்கும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும். பிறகு ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் ஒழுகும், வயிற்றுத்தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். பபேசியாவில் மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் பல நேரம் தெரிந்துவிடும்.

எர்லிக்கியாவுக்கு மருத்துவர் தரும் டாக்சிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாளே நாய் கூழைக் குடிக்கத் தொடங்கிவிடும். உடனே மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். ஒரு மாதத்தில் நோய் திரும்பும். சில நாய்களுக்கு எலும்பு மஜ்ஜையில் போய்த் தங்கிவிட்டால் பிறகு எந்த மருந்தும் பெரிதாக உதவாது. பசி திரும்பியதால் நோய் தீர்ந்துவிட்டதாக ஆகாது. இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். கொஞ்சம் சோற்றோடு உருட்டிக் கொடுத்து, பின்னால் சிறிது தண்ணீரும் குடிக்க வையுங்கள்.

நாய் மேல் இருக்கும் உண்ணியை மட்டும் பிடுங்கினால் போதாது. ரத்தம் குடித்து முடித்த பெட்டை உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கயிற்றுக்கட்டில் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கும் இடத்தைச் சுத்தம் செய்து, வெடிப்பை அடைக்க வேண்டும். கிடை போடும் இடம் மாறுவது இதில் நமக்கு ஒரு நன்மை.

ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தையும், ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியையும் குத்துமதிப்பாக நாய்க்கும் போட்டுவிடுகிறார்கள். அளவு தப்பினால் வாந்தி, தள்ளாட்டம், மயக்கம் என்று போய் முடியும். கோலி போன்ற சில சாதி நாய்களுக்கு அந்த ஊசி உயிரையே எடுக்கும். கால் நொண்டுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், டைக்ளோபினாக் மாத்திரைகளைக் கொடுப்பதும் அப்படித்தான். பாதி நாய்கள் தீனியை விடுவதே இந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குவதால்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

விதைப்புக் காலத்தில் இன்னொன்றும் உண்டு. மருந்து கலந்த விதை, குருணை மருந்து, எலி மருந்து இவற்றைத் தின்ற நாய் எச்சில் ஒழுக்கி, உடம்பு நடுங்கித் தீனியை மறுக்கும். உப்புக்கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது நாயைக் கொல்லும் வைத்தியம். மருந்து டப்பாவையோ உறையையோ கையில் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை கிடைக்கும்.

ஒல்லி வேறு, பட்டினி வேறு

சிப்பிப்பாறை, கன்னி நாய்களை வைத்திருக்கும் சிலர் நாய் தேறவே இல்லை, விலா எலும்பு தெரிகிறது, தீனி போதவில்லையா என்று கேட்கிறார்கள். இந்தச் சாதிகளே ஓடுவதற்குப் பிறந்தவை. ஒட்டிய வயிறும், கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதும் அவற்றின் இயல்பு. தொடையிலும் இடுப்பிலும் சதை கெட்டியாக இருந்தால் கவலை இல்லை. முதுகுத்தண்டு முள் முள்ளாகக் கையில் தட்டினால், இடுப்பெலும்பு துருத்தினால்தான் மெலிவு. நம் மாவட்டத்து ராஜபாளையம் நாய் இவற்றைவிடப் பருமனானது. 2005-ல் தபால்தலையில் வந்த நாய் அது. அதன் உடம்பை வைத்துச் சிப்பிப்பாறையை அளக்கக் கூடாது. (கன்னி என்ற பெயரில் நம் பக்கம் ஆடும் இருக்கிறது, நாயும் இருக்கிறது. கடிதம் எழுதும்போது எதைச் சொல்கிறீர்கள் என்று குறிப்பிட்டால் எங்களுக்கு உதவியாக இருக்கும்!)

வெயில் காலத்தில் தீனி குறைவதும் இயல்பு. சித்திரை, வைகாசியில் உச்சி வெயிலில் வைத்த சோற்றை நாய் சீந்தாது. பக்கத்தில் எங்காவது பெட்டை பருவத்துக்கு வந்திருந்தால் கடுவன் நாய் நாலைந்து நாள் அரைகுறையாகத்தான் தின்னும். சினை நாய்க்கு மூன்று, நான்காம் வாரத்தில் கொஞ்சம் குமட்டல் இருக்கும். குட்டி போடுவதற்கு முந்தைய நாள் தட்டையே பார்க்காது. இதற்கெல்லாம் மருந்து தேவையில்லை.

இனி, தின்ன வைப்பது எப்படி

நோய் இல்லை அல்லது நோய்க்கு வைத்தியம் தொடங்கியாயிற்று என்ற பிறகுதான் இந்தப் பேச்சு.

நாய்க்கு ருசியைவிட வாசனை பெரிது. ஆறி அவலாய்ப்போன சோற்றில் வாசனை எழாது. கை பொறுக்கும் சூட்டில், வெதுவெதுப்பாக வையுங்கள். பாதி நாய்கள் இதற்கே இறங்கி வந்துவிடும். கோழிக்கறியையோ ஆட்டெலும்பையோ உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைச் சோற்றிலோ குதிரைவாலிச் சோற்றிலோ ஊற்றிப் பிசையலாம். எலும்பை எடுத்துவிட வேண்டும். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். வீட்டில் நமக்கு வைக்கும் குழம்பை ஊற்றுவது பழைய வழக்கம்தான். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக் கூடியவை. ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் வெளுத்த நாய்க்குச் சின்ன வெங்காயக் குழம்பு ஊற்றித் தேற்றப் பார்ப்பது எரிகிற கொள்ளியை ஏறத் தள்ளுகிற கதை. கருவாடு வாசனைக்கு நல்லது. ஆனால் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழுவிவிட்டு, வேகவைத்து, ஒரு துண்டு உதிர்த்துப் போட்டால் போதும்.

நோயிலிருந்து எழும் நாய்க்கு ஒரு பங்கு வெந்த கோழிக்கறியும் இரண்டு பங்கு குழைந்த சோறும் பிசைந்து, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, உள்ளங்கை அளவு கொடுங்கள். அவித்த முட்டை நல்லது. பால் வேண்டாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதி போகும். மோர், தயிர்ச்சோறு ஏற்றுக்கொள்ளும். கம்மங்கூழ் முதல் நாள் கரைத்துப் புளித்திருந்தால் சோர்ந்த நாய் முகம் சுளிக்கும். அன்றன்று காய்ச்சியதை வையுங்கள்.

தரையில் தட்டை வைத்துக் குனிய வைப்பது கழுத்திலோ காலிலோ வலி உள்ள நாய்க்குக் கஷ்டம். கல்லின் மேல் ஓர் அடி உயரத்தில் வைத்துப் பாருங்கள். கோழியும் காகமும் மொய்க்காத இடமாக இருக்கட்டும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் தீனி வேளை. கிடை நாயாக இருந்தால் ஆடுகள் அடைந்து படுத்த பிறகு வைத்தால் நிம்மதியாகத் தின்னும். அதற்கு முன்னால் அதன் கண்ணெல்லாம் ஆட்டின் மேல்தான் இருக்கும்.

வாயைப் பிளந்து ஊற்றுவதை அடியோடு நிறுத்துங்கள். மாட்டுக்கு மூங்கில் குழாயில் புகட்டுவது போல நாயின் தலையை அண்ணாத்திப் புகட்டினால் கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கி, நுரையீரலில் சளி கட்டி, வந்த நோய் ஒன்று, சாவுக்குக் காரணம் வேறொன்று என்று ஆகிவிடும். தவிர, குமட்டும் நேரத்தில் பலவந்தமாக ஊட்டிய உணவை நாய் பிறகு எப்போதும் வெறுக்கும். மருத்துவர் சொன்னால் மட்டும், ஊசி கழற்றிய சிரிஞ்சில் கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக, அது தானே விழுங்க நேரம் விட்டுக் கொடுக்கலாம்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். நாய் எதையாவது தின்னட்டும் என்று ஆடு அறுத்த இடத்திலிருந்து பச்சைக் குடலையும் ஈரலையும் தலையையும் கொண்டுவந்து போடுகிறோம். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் இருக்கும் நீர்க்கட்டியை நாய் தின்றால் அதன் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் சாணத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழுந்து மறுபடி ஆட்டுக்குள் போகும். நாயைத் தடவிய கையோடு சாப்பிடும் பிள்ளைகளுக்குள்ளும் போகும். மனிதர் ஈரலில் தேங்காய் அளவுக்குக் கட்டி வளரும். ஆட்டுத்தலையின் மூளையில் உள்ள கட்டி நாய் வழியாகச் சுற்றி வந்தால் ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழும். கிடைக்காரர்களுக்கு அந்த ஆட்டைத் தெரியும். அதன் காரணம் தங்கள் நாய் என்பது பலருக்குத் தெரியாது. கழிவைப் புதைத்துவிடுங்கள், அல்லது நன்றாக வேகவைத்துப் போடுங்கள். நாய்க்கு நாடாப்புழுவுக்கான பிராசிகுவாண்டல் சேர்ந்த குடற்புழு மாத்திரையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் கொடுங்கள்.

பிஸ்கட் நாய்

அருப்புக்கோட்டை வாசகியின் நாய்க்கு வருவோம். 10 கிலோ எடையுள்ள வீட்டு நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். டீயோடு நாம் தின்னும் இனிப்பு பிஸ்கட் ஒன்றில் 20, 25 கலோரி இருக்கிறது. காலையில் ஐயா நாலு, மதியம் அம்மா நாலு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை நாலு என்று போட்டால் அரை வயிறு அதிலேயே நிறைந்துவிட்டது. பிறகு சோற்றை எங்கே தின்னும்? சோற்றை மறுத்தால் பிஸ்கட் வரும் என்பதையும் அது கற்றுக்கொண்டிருக்கிறது.

மருத்துவர் பார்த்து நோய் இல்லை என்று சொன்ன பிறகு இப்படிச் செய்யுங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து பிஸ்கட்டை நிறுத்த வேண்டும். பாட்டி மட்டும் ரகசியமாகப் போட்டாலும் காரியம் கெட்டுவிடும். காலையில் சிறிது தூரம் நடக்க வைத்து வந்து, தட்டை வையுங்கள். இருபது நிமிடம். தின்னாவிட்டால் ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்துவிடுங்கள். கெஞ்சுவது, உருட்டி ஊட்டுவது, பின்னாலேயே தட்டோடு திரிவது எதுவும் கூடாது. மறுபடி மாலையில்தான். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளில் வழிக்கு வந்துவிடும். பிஸ்கட்டிலிருந்து சோற்றுக்கு ஒரேயடியாக மாற மறுத்தால், சோற்றின் மேல் ஒரு பிஸ்கட்டை நொறுக்கித் தூவி, ஒரு வாரத்தில் அதையும் குறைத்து நிறுத்தலாம். குட்டிகளுக்கும் வயதான, சர்க்கரை நோய் உள்ள நாய்களுக்கும் இந்தப் பட்டினி முறை ஆகாது.

வாசகர் கேள்விகள் இன்னும் சில

*ராஜபாளையத்திலிருந்து 40 நாள் குட்டி வாங்கி வந்தோம். இரண்டு வேளையாகத் தின்னவில்லை. ஊர் மாறியதால் இருக்குமா?*

இருக்கலாம். தாயையும் கூடப்பிறந்தவற்றையும் விட்டு வந்த குட்டி முதல் நாள் மிரண்டுதான் இருக்கும். வாங்கிய இடத்தில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு, ஒரு வாரம் அதையே கொடுங்கள். பழைய படுக்கைத் துணி ஒன்று வாங்கி வந்து உடன் போட்டால் அமைதியாகும். ஆனால் இரண்டு வேளை என்பது இந்த வயதுக் குட்டிக்கு நீண்ட நேரம். சோர்வோ வாந்தியோ இருந்தால் இன்றைக்கே காட்டுங்கள். வயிறு மட்டும் பானை போல உப்பியிருந்தால் புழு. அடுத்த முறை 40 நாளில் குட்டி வாங்காதீர்கள். எட்டு வாரமாவது தாயிடம் இருக்கட்டும். தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில், பிறகு வருடந்தோறும்.

*பசி எடுக்க பி-காம்ப்ளக்ஸ் டானிக், ஈரல் டானிக் கொடுக்கலாமா?*

மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு துணையாகக் கொடுக்கலாம். காரணம் தெரியாமல் கொடுத்தால் கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் கெடுவது நேரம். 'டானிக் கொடுத்திருக்கிறோம், பார்க்கலாம்' என்று போகிற அந்த ஐந்து நாளில்தான் உண்ணிக் காய்ச்சல் முற்றுகிறது.

*எங்கள் நாய்க்கு 13 வயது. ஒரு வாரமாக எதுவும் தின்னவில்லை. தண்ணீர் குடித்துக் குடித்து வாந்தி எடுக்கிறது. வாய் நாற்றம் அடிக்கிறது. என்ன கொடுத்தால் தின்னும்?*

நீங்கள் சொல்வது சிறுநீரகம் செயலிழக்கும் அடையாளம் போல இருக்கிறது. ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். உள்ளூரில் வசதி இல்லாவிட்டால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தொடக்கம் என்றால் குளுக்கோஸ் ஏற்றி, குமட்டல் ஊசி போட்டுச் சில மாதம் நன்றாக வைத்திருக்க முடியும். முற்றிவிட்டது என்று சொன்னால் ஊட்டி வதைக்காதீர்கள். நிழலில் மெத்தென்று படுக்கை போட்டு, வாயை ஈரத்துணியால் துடைத்து, ஆள் பக்கத்தில் இருங்கள். திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணரின் திருவண்ணாமலை ஆசிரமத்தில் பசு லட்சுமியின் சமாதி அருகே ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம். வலி தாங்காமல் நாய் கதறினால், ஊசி போட்டு அமைதியாக அனுப்பிவைப்பது பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அதைக் கேட்பதில் பாவம் ஒன்றும் இல்லை.